மொழியறியாதார்க்கு ஒரு பொறி

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க் நகரில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு செய்முறை விளக்கம் நடத்தின. அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணிப்பொறி ஆங்கிலமாக்கிக் காட்டியது. அவற்றை அட்டைகளில் துளையிட்டுப் பொறிக்கு அளித்த பெண்ணுக்கு ரஷ்ய மொழி தெரியாது. மூலமொழி அறியாதவர்க்கும் உதவும் மொழிபெயர்ப்பு என்னும் கனவு அன்றே அரங்கேறியது எனலாம். எனினும் அப்பொறி அறிந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளுமே. வாக்கியங்களும் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

சில ஆண்டுகளில் கனவு கைகூடும் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. மனிதர் ஆக்கத்தினும் பொறியின் ஆக்கம் தாமதமானது, செலவு மிக்கது, துல்லியம் குறைந்தது என்று 1966-இல் அமெரிக்காவின் அல்பாக் குழு அறிக்கை அளித்தது. அரசின் நிதியுதவி பெரிதும் சுருங்கியது.

பின்னர் வென்றது, தன் எல்லை அறிந்த ஒரு பொறியே. கனடாவில் 1977 முதல் மெத்தியோ என்னும் அமைப்பு, வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்த்தது. அவ்வறிக்கைகளின் சொற்கள் சில. தொடரமைப்புகளும் மீண்டும் மீண்டும் வருபவை. தனக்குப் பிடிபடாத வாக்கியத்தை அது மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைத்தது. படிப்போர்க்கு அதுவே காப்பாயிற்று.

1997 இறுதியில் அல்டாவிஸ்டா நிறுவனம், சிஸ்ட்ரான் பொறியைக் கொண்டு பேபல் ஃபிஷ் என்னும் இலவசச் சேவையை இணையத்தில் தொடங்கியது. வல்லுநர் கூடத்தில் இருந்த பொறி வீட்டு மேசைக்கு வந்தது. அதன் நடை கரடுமுரடானது. சில வேளை நகைப்புக்கிடமானது. ஆயினும் அக்கரடுமுரடே படிப்பவரை எச்சரித்தது. 2006-இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. 2011-இல் அதில் தமிழ் சேர்ந்தது. 2016-இல் அங்குப் புகுந்த நரம்பிணைய முறை, அடுத்த ஆண்டு தமிழுக்கும் வந்தது. பிழைகள் குறைந்தன, நடை ஒழுகலாயிற்று. எஞ்சிய பிழைகளோ நல்ல நடைக்குப் பின்னே மறைந்துகொண்டன.

தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ அவரை விலக்கும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். “இச்செலவை நாங்கள் ஏற்போம்” என்னும் பொருளில் ஒரு மருத்துவமனை ஆங்கிலத்தில் எழுதியது, “இச்செலவை நாம் ஏற்போம்” என்று தமிழாகுமானால், நோயாளி தமக்கும் அதில் பங்குண்டு என்றே கொள்வார். அந்தத் தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆகவே ஆங்கிலம் அறியாத அவர் ஐயுறவும் வழியில்லை.

பயன்பாட்டின் எளிமை பொத்தானை அழுத்துவதோடு முடிவதில்லை. எங்கே நம்பலாகாது என்று பயன்படுத்துவோர் அறியக்கூடுவதே அதன் உரைகல். ஊர்ப் பெயர்ப்பலகையைப் படிக்கவும், கடிதத்தின் சாரம் அறியவும் இன்றைய சேவைகள் பெருந்துணை. மருந்தும் கையெழுத்தும் அவற்றைச் சார்ந்து நிற்கும் இடத்தில், இருமொழியும் அறிந்த ஒருவரின் கண் இன்னும் தேவைப்படுகிறது. இயலாததை ஒதுக்கி வைத்த அந்த வானிலைப் பொறியின் அடக்கம், எதற்கும் ஒரு விடை தந்துவிடும் இன்றைய பொறிகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.