மலைக்காக வழக்காடலாமா?

வாய் பேசா மலைக்காக வழக்காடும் உரிமை யாருக்குண்டு? சுற்றாடற் சட்டமும் இயற்கைவளச் சட்டமும் பயின்று சட்டமுதுமாணிப் பட்டம் பெற விழைவோர் எதிர்கொள்ளும் அடிப்படை வினாக்களுள் இஃதொன்று. இதற்கு அமெரிக்க நாட்டில் விடை தந்தது ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஸ்டோர்ம் கிங் மலையாகும்.

1962ஆம் ஆண்டில் நியூயோர்க் மின்சாரக் கம்பனியொன்று அங்கு நீர்மின் நிலையம் அமைக்க முற்பட்டது. 1965இல் கூட்டாட்சி மின்வலு ஆணைக்குழு அனுமதி நல்கிற்று. எதிர்த்தோருக்குப் பொருள் நட்டம் யாதுமின்மையால் அவர்க்கு வழக்காடும் உரிமையில்லை என ஆணைக்குழு வாதித்தது. அவ்வாண்டு டிசெம்பர் 29ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. இயற்கையெழிலைக் காப்பதில் அக்கறை கொண்டோரும் வழக்காடலாமெனத் தீர்த்து, அனுமதியையும் விலக்கிற்று.

ஆணைக்குழு 1970இல் மீண்டும் அனுமதியளித்தபோதும் மக்கள் ஓய்ந்தாரல்லர். 1980இல் கம்பனி திட்டத்தைக் கைவிட இணங்கியது. மலை நிலைத்தது, அதனுடன் ஒரு புதிய சட்டத்துறையும் நிலைபெற்றது.