அப்பாயி குடிக்காத தேநீர்

சைனாடவுனில் அந்த வில்லையை வாங்கும்போது கடைக்காரர், “தொள்ளாயிரம் வருஷப் பாரம்பரியம்” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். வெள்ளைத் தேயிலை மொட்டுகளை அமுக்கிச் செய்த 100 கிராம் வட்டு அது. மொட்டின் மேல் வெள்ளை ரோமம் படிந்திருப்பதால் ‘வெள்ளி ஊசி’ என்று பெயர். வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கியபோதுதான் கணக்கு இடித்தது.

தொள்ளாயிரம் வருஷம் என்றால் சொங் பேரரசர் ஹுய்சோங் காலம். 1107-ல் அவர் எழுதிய தேநீர் நூலில் வெள்ளைத் தேயிலைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அவர் சொல்வது வேறு பொருள். அது இயற்கையிலேயே இலை வெளுத்திருக்கும் அபூர்வச் செடி. இலையை ஆவியில் வேகவைத்து, சாறு பிழிந்து, விழுதாக அரைத்து, அச்சில் இட்டு, நெருப்பில் உலர்த்துவார்கள். குடிக்கும்போது பொடித்து, வெந்நீர் விட்டு நுரைக்க அடிப்பார்கள்.

என் கையிலிருப்பதோ கிட்டத்தட்ட நேரெதிர். மொட்டைப் பறித்து வாடவிட்டு உலர்த்துகிறார்கள், அவ்வளவுதான். வறுப்பதில்லை, உருட்டுவதில்லை. பிறகு ஆவி காட்டி இளக்கி, துணிப்பையில் கட்டி அமுக்கி, மெல்லிய சூட்டில் மறுபடி உலர்த்துகிறார்கள். இந்த வடிவம் பரவலானது இந்த நூற்றாண்டில்தான். அமுக்கிய வெள்ளைத் தேயிலைக்கென்று சீனா தேசியத் தரம் வகுத்ததே 2015-ல்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு முறிவு உண்டு. மிங் அரசமரபை நிறுவிய ஹோங்வு பேரரசர் 1391-ல், அரண்மனைக்குக் கட்டித் தேயிலை செய்து அனுப்புவதை நிறுத்தச் சொன்னார். மக்களின் உழைப்பை அது கடுமையாக வாட்டுகிறது என்பது காரணம். உதிரி இலையே போதும் என்றார். அவர் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். தேயிலை பற்றி நான் வாசித்ததில், பறிக்கிறவர்களின் கை கண்ணில் பட்ட முதல் இடம் இதுதான்.

ஹுய்சோங்கின் தேயிலைத் தோட்டங்கள் இருந்ததும் ஃபூஜியன் மாகாணம். இன்றைய வெள்ளி ஊசி விளையும் ஃபூடிங்கும் அங்கேதான். நமக்கும் அந்நியமான ஊரில்லை. அதன் துறைமுகமான சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சிவன் கோயிலைப் பற்றிப் பேசுகிறது. ‘தேயிலை’யில் உள்ள ‘தே’வுக்கு வேர், ஃபூஜியன் மக்கள் பேசும் ஹொக்கியன். ‘தேக்கா’வும் ஹொக்கியன்தான், மூங்கிலடி என்று பொருள். தேக்கா சந்தையில் நின்று “ஒரு தே ஓ” என்று கேட்கிறோமே, அதில் பாதி ஃபூஜியன் பேச்சு.

அப்பாயி ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ளவிருந்த 5,25,000 பேரில் ஒருவராக மண்டபம் வந்து இறங்கி, இப்போது எங்களோடு சிங்கப்பூரில் இருக்கிறார். “கொழுந்து கப்பலுக்கு, தூசி நமக்கு” என்பார். லயத்தில் அவர் குடித்தது அந்தத் தூசித் தூள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் சேர்த்துப் போட்டேன். வில்லையின் ஓரத்தில் ஊசியைச் செருகி, அடுக்கு அடுக்காகப் பெயர்க்க வேண்டும். உடைத்தால் மொட்டு நொறுங்கி, சாறு கசக்கும். ஐந்து கிராமுக்கு 100 மில்லி தண்ணீர், 90 டிகிரிக்கு மேல். முதல் தண்ணீர் கட்டி இளக மட்டும். அடுத்ததில் வைக்கோல் வாசம், இளநீர் மாதிரி மெல்லிய இனிப்பு. நான்காவதில்தான் கட்டி முழுசாக அவிழ்ந்து, கஞ்சித்தண்ணி போல நாக்கில் கனம் நின்றது.

அப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போடலையா?” என்றார். பிறகு கிண்ணத்திலிருந்து ஊறிய மொட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“முழு மொட்டுடா. நகம் படாம பறிச்சிருக்காங்க. இப்படிப் பறிச்சா கூடை எப்ப நிறையும்? இதுக்கு என்ன பேரு போட்டிருப்பாங்க?”

தோட்டத்தில் ‘பேரு’ என்றால் ஒரு நாள் கூலி. உறையைத் திருப்பிப் பார்த்தேன். மலையின் பெயர் இருந்தது, பறித்த வருஷம் இருந்தது, பேரரசர் கதையும் இருந்தது. அப்பாயி கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.