முதிர்ந்த கஞ்சாவின் வேதிப்பொருள்: கன்னபினாலின் சட்ட நிலை குறித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் பகுதியை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தின் தலைமையிடம் விருதுநகர் என்றாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் கடந்து கேரள எல்லையை நோக்கிப் போகிறது. மேற்கே மலைத்தொடர், அதற்கு அப்பால் ஒருகாலத்தில் கஞ்சாப் பயிருக்குப் பேர்போன வருசநாடு. கஞ்சா வழக்கு இங்குள்ள காவல் நிலையங்களுக்குப் பழகிப்போன ஒன்று. பிடிபட்ட சரக்கு வழக்குச் சொத்தாகி, முத்திரையிட்ட பொட்டலமாக அறைக்குள் போய்விடுகிறது. வழக்கு நகராதபோதும் பொட்டலத்துக்குள் இருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தில் பிறக்கும் வேதிப்பொருள்தான் கன்னபினால், சுருக்கமாக சி.பி.என்.

போதைக்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னபினாலை (டி.எச்.சி.) அறிந்த அளவுக்கு இதை எவரும் அறிவதில்லை. டி.எச்.சி. மூலக்கூறில் 21 கரி அணுக்கள், 30 ஹைட்ரஜன் அணுக்கள், 2 ஆக்சிஜன் அணுக்கள். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கழன்றால் மிஞ்சுவது சி.பி.என். பசுஞ்செடி இதை ஏறக்குறைய உண்டாக்குவதே இல்லை. அறுத்து, உலர்த்தி, வைத்திருக்கும்போது சேர்வது இது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்த கஞ்சாவில் முதல் ஆண்டில் ஏறத்தாழ 17 விழுக்காடும், நான்கு ஆண்டுகளில் 41 விழுக்காடும் டி.எச்.சி. குறைந்திருந்தது. டி.எச்.சி.க்கும் சி.பி.என்.னுக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டு சரக்கின் வயதை மதிப்பிடலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

வரலாற்றில் வரிசை தலைகீழாக அமைந்தது. இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம் 1893–94இல் விசாரணை நடத்தி முடித்த சில ஆண்டுகளுக்குள், கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பிவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் இந்தியச் சரஸ் என்ற கஞ்சாப் பிசினைக் காய்ச்சி வடித்துக் கன்னபினாலைப் பிரித்தனர். மயக்கத்துக்கு அதுவே காரணம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மைக் காரணமான டி.எச்.சி.யை கவோனியும் மெஷூலமும் தனித்துப் பிரித்தது 1964இல்தான். அடுப்பைக் காணுமுன்பே சாம்பலை ஆராய்ந்த கதை இது. சி.பி.என்.னுக்கும் மூளையின் ஏற்பிகளோடு பிணையும் தன்மை உண்டு, ஆனால் டி.எச்.சி.யைவிடப் பலமடங்கு மந்தம். உறக்கம் தரும் என்று அமெரிக்கச் சந்தையில் சொட்டு மருந்தாகவும் மிட்டாயாகவும் விற்கிறார்கள். அதற்கான மனிதச் சோதனைச் சான்று மெலிந்தது. வணிகத்தின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் கன்னபினாலைப் பெயர்சொல்லியே கட்டுப்படுத்துகிறது. நம்முடைய 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டமோ வேறு வழியில் போயிற்று. அதன் மனமயக்கப் பொருள் அட்டவணையில் டி.எச்.சி.யின் மாற்றியங்கள் உண்டு, சி.பி.என். இல்லை. ‘கஞ்சா’ என்பதை அச்சட்டம் வேதிப்பொருளால் வரையறுக்கவில்லை, செடியின் உறுப்பால் வரையறுக்கிறது: பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனி சேராத இலையும் விதையும் விலக்கு. பிரித்தெடுத்த பிசின் சரஸ். கஞ்சாவின் எந்தச் சாறும் வடிநீரும் ‘மருந்துக் கஞ்சா’ என்ற பெயரில் உற்பத்தி செய்யப்பட்ட போதை மருந்தாகிவிடுகிறது. 1961ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையும் இலையை விட்டுவிட்டது. பாங்கு குடிக்கும் வட இந்திய வழக்கம் அதற்குப் பின்னணியில் இருந்தது.

இந்த அணுகுமுறையின் வசதியைச் சொத்து அறையில் காணலாம். பொட்டலத்தில் டி.எச்.சி. பாதி போனாலும் அது பூக்கொத்து என்று நிறுவப்பட்டால் போதும். எடை ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கலவையின் மொத்த எடையையும் கணக்கில் கொள்ளச் சொன்ன பிறகு, செறிவுக்கு இன்னும் இடம் குறைந்துவிட்டது. ஆய்வகத்திலும் இதே நிலைதான். டுகெனாய்–லெவைன் சோதனையில் சி.பி.என்.னும் ஊதா நிறத்துக்கு உதவும். ஃபாஸ்ட் புளூ பி சாயத்தில் டி.எச்.சி. சிவப்பும், கன்னபிடையால் (சி.பி.டி.) ஆரஞ்சும், சி.பி.என். ஊதாவும் காட்டி வேறுபடுகின்றன. ஆனால் அந்த வேறுபாட்டை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கைப்பற்றியதாகக் காவல்துறை சொல்லும் தேதிக்கும் மாதிரியின் வயதுக்கும் பொருத்தம் உண்டா என்று எதிர்தரப்பு வினவ டி.எச்.சி. – சி.பி.என். விகிதம் ஒரு கருவி. வைப்பறையின் வெப்பமும் வெளிச்சமும் தெரியாமல் அதைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது என்பது உண்மை. சந்தேகத்தை எழுப்ப அத்தனை துல்லியம் வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் உடனே மாதிரி எடுத்துச் சரக்கை அழிக்கும் முறையை, மோகன்லால் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதற்கு இந்த வேதியியலும் ஒரு காரணமாகியிருக்கலாம். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. திருட்டையும் மாற்றி வைப்பதையும் பற்றித்தான் கவலைப்பட்டது.

சிக்கல் தூய சி.பி.என். வரும்போது தொடங்குகிறது. ‘இலையிலிருந்து எடுத்தது, ஆகவே இந்தியா முழுவதும் சட்டபூர்வம்’ என்பது விற்பனையாளர் வாதம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் படித்தால் அதில் ஓரளவு பொருள் இருக்கிறது. இராஜபாளையத்தில் நின்று படித்தால் இல்லை. ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்து 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் முதலில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டம், கள்ளையும் சாராயத்தையும் மட்டும் தொடவில்லை. அதிலுள்ள போதை மருந்து வரையறையில் கஞ்சாச் செடியின் நுனியோடு இலையும் சிறு தண்டும், பாங்கு என்ற பெயரும் அடங்கும். மத்தியச் சட்டம் திறந்துவிட்ட கதவு தமிழ்நாட்டில் முன்பே சாத்தப்பட்டிருந்தது.

பிந்தைய மத்தியச் சட்டம் முந்தைய மாநிலச் சட்டத்தை மீறாதா என்று கேட்கலாம். மத்தியச் சட்டத்தின் 81ஆவது பிரிவே விடை தருகிறது: கஞ்சாச் செடி பயிரிடுதல், போதைப் பொருள் நுகர்வு, வணிகம் ஆகியவற்றில் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கும் மாநிலச் சட்டங்களின் செல்லுபடியை அது காக்கிறது. இலை ‘போதைப் பொருளே’ அல்லவே என்று நுணுக்கமாக எதிர்வாதம் செய்தாலும் பயனில்லை. மத்தியச் சட்டம் இலையை விட்டுவிட்டது என்றால், அந்தப் புலத்தில் முரண்பட எதுவும் இல்லை என்றே பொருள்.

சித்த மருத்துவத்துக்கு இது நேரடியாகப் படும். சதுரகிரி அடிவாரத்து மூலிகை மரபு இப்பகுதியின் பெருமை. ஆயினும் அந்த மலை 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது, காட்டிலிருந்து செடி பறிப்பதே தனிக் குற்றம். கஞ்சா சேரும் மருந்துகளுக்கு மருந்துகள், அழகு சாதனங்கள் விதிகளின் அட்டவணை ஈ(1) மருத்துவர் மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. லேகியம் கிண்டும்போது படும் சூடும், மாதக்கணக்கில் வைத்திருப்பதும் சி.பி.என். பெருக ஏற்ற சூழல் என்பது வேதியியல்படி எதிர்பார்க்கத்தக்கது. சித்த மருந்தின் தரநிர்ணயத்தில் இதை அளப்பது பயன்தரும்.

பஞ்சாலைகளுக்கும் மருத்துவக் கட்டுத்துணிக்கும் பேர்பெற்ற இராஜபாளையத்துக்கு நார்ப்பயிர் என்ற வகையில் இச்செடி அந்நியமல்ல. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தர வழிசெய்கிறது. உத்தரகாண்ட் 2018இல் 0.3 விழுக்காடு டி.எச்.சி. வரம்போடு உரிமம் வழங்கியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் விதை, விதையெண்ணெய், விதைமாவை அனுமதித்தபோது டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் வரம்பு கட்டியது. ஆக, உறுப்பை எண்ணிய நாடு மெல்ல மெல்ல வேதிப்பொருளையும் எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு முறைகளும் இன்னும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

தூய சி.பி.என். பொடியை ஆய்வகத்தில் வைத்தால் அது பூவிலிருந்து வந்ததா, இலையிலிருந்து வந்ததா, தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்யப்பட்டதா என்பதை வழக்கமான சோதனைகள் சொல்லாது, மூலக்கூறு ஒன்றே. சட்டம் கேட்கும் கேள்வி ‘எந்த உறுப்பு?’ என்பது. பதில் புட்டியில் இல்லை, கொள்முதல் ஏடுகளிலும் உரிமத்திலும் இருக்கிறது. அச்சட்டத்தின் 35, 54 பிரிவுகளின் அனுமானங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகவே நிற்கையில், ஏடு இல்லாத வாங்குநர் தூக்கமின்மைக்கு வாங்கினேன் என்று சொல்வது அவரைக் காப்பாற்றாது. மனமயக்கப் பொருள் அட்டவணையில் சி.பி.என்.னைச் சேர்ப்பதோ விலக்குவதோ மத்திய அரசின் விருப்பம். எதுவாயினும் பெயர்சொல்லிச் செய்ய வேண்டும். அதுவரை தமிழ்நாட்டு நடுவர் முன் இப்பொருள் வந்தால் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.