பற்றாத மருந்தும் பழி சுமந்த கைகளும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழி நமக்குத் தந்த கொடை. அதற்கு உயிரூட்டும் வெடிமருந்தை அரபியில் ‘பாரூத்’ என்பர். தொடக்கத்தில் அச்சொல் வெடியுப்பை மட்டுமே குறித்தது. பின்னர் வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவைக்கே பெயராயிற்று. இவ்வாறு சொல்லும் பொருளும் நாடு விட்டு நாடு வந்த வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் வெற்றிகளைப் பாடியோர் பலர். வெடிக்க வேண்டிய வேளையில் வெடியாத துப்பாக்கிகளையும், அளவுக்கு மீறி வெடித்துச் சுட்டவனையே வீழ்த்தியவற்றையும், அவற்றின் பொருட்டுப் பழி சுமந்த எளிய மனிதர்களையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. அந்தப் பக்கத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நம் நோக்கம்.

பழைய துப்பாக்கிக்கு வழி ஒன்றே. அது குழலின் வாய். அவ்வாய் வழியே அளந்த மருந்தைக் கொட்டி, மேலே துணியோ தாளோ வைத்து, குண்டை இட்டு, கெட்டிக்கும் கோலால் அடிவரை இடித்துச் செலுத்துவர். குழலின் அடியில் பற்றுவாய் என்னும் சிறு துளை உண்டு. அதன் வெளிப்புறத்தே ஒரு கிண்ணம். அதில் ரஞ்சகம் எனப்படும் நுண்ணிய மருந்து. திரியோ சிக்கிமுக்கிக் கல்லோ முதலில் ரஞ்சகத்தைப் பற்ற வைக்கும். அத்தீ துளை வழியே புகுந்து உள்மருந்தை எட்டும். எட்டினால் வேட்டு, எட்டாவிட்டால் கிண்ணத்தில் ஒரு மின்னலும் சிறிது புகையும் மட்டுமே மிஞ்சும்.

எட்டாமற் போவதற்குக் காரணங்கள் பல. தூய்மையற்ற வெடியுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடும். கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் என்னும் அறிஞர், மரச் சாம்பலைக் கொண்டு வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையைத் தம் நூலில் விளக்கியது இக்குறையை நீக்கவே உதவிற்று. ஆயினும் மருந்து எத்துணைத் தூயதாயினும், எரிந்தபின் அதில் ஒரு பகுதி கசடாகக் குழலில் படியும். சில வேட்டுகளுக்குள் பற்றுவாய் அடைபடும். மழை பெய்தாலோ, காற்று வீசினாலோ ரஞ்சகமே பயனற்றுப் போகும்.

இவை பற்றாமையின் காரணங்கள். இவற்றின் மறுபுறம் குழலே வெடித்துச் சிதறும் பேராபத்து. அக்பரின் அரசவை அறிஞர் அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’யில் துப்பாக்கிகளைப் பற்றித் தனியே ஓர் இயல் வரைந்துள்ளார். முன்னாளில் குழலின் கால்பகுதிக்கு மேல் மருந்திட இயலாதிருந்தது என்றும், அக்பர் காலத்துப் புதிய முறையில், இரும்புத் தகட்டை முறுக்கிச் சுருட்டிச் செய்த குழல்கள், வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிப்பதில்லை என்றும் அவர் பெருமையோடு எழுதுகிறார். அப்பெருமையின் பின்னே எத்தனை கைகள் சிதறினவோ, அதை அந்நூல் சொல்லவில்லை.

அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் வேட்டையில் பெருவிருப்புடையவர். தம் ஆட்சியின் 5-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை அவர் தம் வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தி மயங்கும் வேளை. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து அவர் கொடுவிலங்கு ஒன்றைச் சுடுகிறார். குண்டு பட்டதா, படவில்லையா என்பது அவருக்கே தெளிவாகவில்லை. மீண்டும் சுடுகிறார். விலங்கு சீறிப் பாய்ந்து, வேட்டைக்காரர் ஒருவரைக் காயப்படுத்திவிட்டுத் திரும்புகிறது. மறுபடியும் கெட்டித்த துப்பாக்கி கைக்கு வருகிறது. அவர் சுட முனையும்போதே அது பாய்ந்துவிடுகிறது. சுட்டார்; பணியாளர்கள் நிலைகுலைந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். இரண்டு மூன்று பேர் தம் மார்பை மிதித்துக்கொண்டு ஓடியது உறுதி என்று பேரரசரே எழுதுகிறார்! துப்பாக்கித் தாங்கியைப் பிடித்து நின்ற அனூப் ராய் என்பவர் மட்டும் ஓடவில்லை. கையிலிருந்த தடியால் விலங்கை எதிர்த்து, தம் கைகளை அதன் வாய்க்குக் கொடுத்து மன்னரைக் காத்தார். ஜஹாங்கீர் அவருடைய பெயரையும் செயலையும் விரிவாகப் பதிந்து, ‘அனீராய் சிங்கதலன்’ என்னும் பட்டமும் அளித்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சுட்டவனுக்கே தன் வேட்டின் விளைவு தெரியாமற் போகலாம் என்பது ஒன்று. அடுத்த வேட்டுக்கு இடையிலுள்ள நேரத்தைத் தன் உடலால் ஈடுசெய்பவன் உடன் நிற்கும் ஏவலன் என்பது மற்றொன்று.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரில் அலெக்சாந்தர் ஃபோர்ஸைத் என்ற பாதிரியார் வாழ்ந்தார். நீர்ப்பறவை வேட்டையில் அவருக்கு ஓயாத ஒரு தொல்லை. கிண்ணத்தில் ரஞ்சகம் பளிச்சிட்டதும் பறவைகள் விழித்துக்கொள்கின்றன; உள்மருந்து வெடிப்பதற்குள் நீரில் மூழ்கிவிடுகின்றன. அந்தக் கண்ணிமைப் பொழுதை ஒழிக்க வழி தேடினார். அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு பற்றவைக்கும் பொறியை அமைத்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். பிறர் அதைத் திருத்தி, குதிரையின் அடி வாங்கி வெடிக்கும் சிறு செப்புக் ‘கேப்பு’ ஆக்கினர். பறவைகள் தப்பிப் பிழைத்ததே ஒரு கண்டுபிடிப்புக்குத் தாயாயிற்று.

இதன் மேன்மையை அளந்தறிய 1834-இல் இங்கிலாந்தின் வுல்விச் நகரில் ஒரு சோதனை நடந்தது. இருவகைத் துப்பாக்கிகளும் 6,000 முறை சுடப்பட்டன. சிக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை பற்றவில்லை. கேப்புத் துப்பாக்கி 36 முறையே பற்றவில்லை. அதாவது முன்னது ஏறக்குறைய ஆறரை வேட்டுக்கு ஒருமுறையும், பின்னது 166 வேட்டுக்கு ஒருமுறையும் ஏமாற்றின.

உண்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின்னும் நடந்தது என்ன? ஏழாண்டுகள் கழித்து, 1841 மே மாதம் 30-ஆம் நாள், முதல் அபினிப் போரில், சீனத்துக் காண்டன் நகரின் புறத்தே சான்யுவான்லி என்னும் ஊரருகில் பெருமழை கொட்டியது. ஆங்கிலேயருடன் சென்றிருந்த சென்னைப் படையின் 37-ஆம் காலாட் பிரிவைச் சேர்ந்த சுமார் 60 சிப்பாய்கள் படையினின்றும் பிரிந்துவிட்டனர். ஈட்டியும் கொக்கியும் ஏந்திய கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் அவர்களைச் சூழ்ந்தனர். சிப்பாய்களின் கையில் இருந்தவை சிக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்த ரஞ்சகம் பற்றவில்லை. சதுர வியூகமாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிகளால் மட்டுமே அவர்கள் தற்காத்துக்கொண்டனர். இரவில் அவர்களைத் தேடி மீட்க அனுப்பப்பட்ட கடற்படை வீரர்களின் கையிலோ கேப்புத் துப்பாக்கிகள்! அதே மழையில் அவை சுட்டன. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்து பணியாற்றிய படை அந்தச் சென்னைப் படை. அன்று பற்றாமற் போனது அவர்களுடைய வீரம் அன்று. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவி.

கேப்பு வந்தபின் மழையால் வரும் கேடு குறைந்தது. ஆனால் வேறொரு கேடு நீங்கவில்லை. குழலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காண வழியில்லை. அரபு அறிஞர்கள் ஐயத்துக்கு இடமில்லாத உறுதியை ‘யகீன்’ என்றும், அப்படித்தான் இருக்கும் என்ற ஊகத்தை ‘ழன்னு’ என்றும் பிரித்துரைப்பர். வாய்வழி மருந்திடும் துப்பாக்கி தன்னை ஏந்தியவனுக்கு யகீனைத் தருவதில்லை. அவன் ழன்னைக் கொண்டே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டியவனாகிறான்.

இதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் நடந்த பெரும்போருக்குப் பின், களத்தில் கிடந்த 27,574 துப்பாக்கிகளைத் திரட்டிச் சோதித்தனர். அவற்றுள் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. ஏறத்தாழ 12,000 துப்பாக்கிகளில் இரண்டு வேட்டுக்குரிய மருந்தும் குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வேட்டுகள் வரை அடுக்கிக் கிடந்தன. ஒன்றில் 23 வேட்டுகள்! காரணம் அறிவது கடினமன்று. ஆயிரம் துப்பாக்கிகளின் பேரிரைச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதை எவன் காது பிரித்தறியும்? கேப்பு ‘டப்’பென்றது, புகை சூழ்ந்தது, சுட்டுவிட்டோம் என்று நினைத்தான், பயிற்சியில் பழகிய கை மறுபடியும் கெட்டித்தது. அச்சத்தால் சுடாமலே கெட்டித்தவரும் இருந்திருப்பர். எவ்வாறாயினும், முறையாகப் பயின்ற படைவீரரே இந்நிலைக்கு ஆளாயினர் என்பதை நாம் நினைவில் நிறுத்த வேண்டும்.

அதை நிறுத்திக்கொண்டு ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் செல்வோம். ஃபிரெடெரிக் செலூஸ் என்னும் ஆங்கிலேயர் 1871-இல் பத்தொன்பது வயது இளைஞராகத் தென்னாப்பிரிக்கா சென்று, யானை வேட்டையில் புகழ் பெற்றார். அவர் தொடக்கத்தில் கையாண்டவை, 4 அவுன்ஸ் எடையுள்ள ஈயக் குண்டைச் செலுத்தும் வாய்வழித் துப்பாக்கிகள். ஒருநாள் யானையை எதிர்கொண்டபோது கேப்பு மட்டுமே வெடித்தது, உள்மருந்து பற்றவில்லை. துப்பாக்கி பணியாளன் கைக்குப் போயிற்று. சுட்டாகிவிட்டது என்று எண்ணிய அவன், முதல் மருந்தின் மேலேயே இன்னொரு முறை கெட்டித்துக் கொடுத்தான். செலூஸ் விசையை அழுத்தினார். அடுத்த நொடி அவர் தரையினின்று தூக்கப்பட்டு, அந்தரத்தில் சுழன்று, முகம் மண்ணில் பட விழுந்தார். துப்பாக்கி அவர் தோளைத் தாண்டிச் சில கஜங்களுக்கு அப்பால் பறந்தது. கட்டை நொறுங்கியது, கன்னம் கிழிந்தது, கை நெடுநேரம் உயரவில்லை. குழல் வெடியாததே வியப்பு. அத்துப்பாக்கிகளின் உதைப்பு தம் நரம்புகளையே பாதித்துவிட்டது என்றும், அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் பின்னாளில் வருந்தினார்.

இதைப் படிப்பவர் முதலில் அந்தப் பணியாளனையே குறை கூறுவர். அவன் செய்த பிழையையே கெட்டிஸ்பர்க்கில் பல்லாயிரம் வீரர்கள் செய்தனர் என்பதை அறிந்த நாம் அவ்வாறு கூற இயலாது. பிழையின் வேர் அவன் அறியாமையில் இல்லை. தன் உள்ளிருப்பை வெளிக்காட்டாத கருவியில் இருந்தது. தன் துப்பாக்கி பற்றவில்லை என்பதை அறிந்திருந்தவர் எசமானர். அதை ஏவலனுக்குத் தெளிவாகச் சொல்லும் கடமையும் அவருடையதே.

இலங்கையிலும் பல ஆண்டுகள் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1860-களில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றபோது அரை பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் செலுத்தும் துப்பாக்கி ஒன்றை உடன் கொண்டுசென்றார். அவருடன் இருந்த அரபியர் அதற்கு ‘ஜனா அல் மித்ஃபஃ’ என்று பெயரிட்டனர். ‘ஜனா’ என்பது ஏட்டு அரபியில் பறித்த கனி; சூடானியர் பேச்சிலோ அது குழந்தை. ‘மித்ஃபஃ’ என்பது பீரங்கி. பீரங்கியின் பிள்ளை! பெயர் நீண்டுவிட்டதென்று பேக்கர் அதைக் ‘குழந்தை’ என்றே சுருக்கினார். அதன் உதைப்புக்கு அஞ்சி அவர் மிக அரிதாகவே சுட்டார். ஆனால் மாதக்கணக்கில் கெட்டித்தே கிடந்த துப்பாக்கியை எப்போதேனும் துலக்க வேண்டுமே! உள்ளிருக்கும் மருந்தை வெளியேற்ற எளிய வழி அதைச் சுட்டுத் தீர்ப்பதே. அந்தப் ‘பேறு’ பணியாளர்களுக்குக் கிட்டியது. ஒருவன் சுட, மற்றொருவன் பின்னின்று தாங்க, வேட்டுடன் இருவரும் மல்லாந்து விழ, துப்பாக்கி அவர்களுக்குப் பின்னே போய் விழும். பேக்கர் இதை வேடிக்கையாகவே எழுதுகிறார். விழுந்தவர்களின் பெயர்கள் அவ்விடத்தில் இல்லை. அனூப் ராயின் பெயரை எழுதிவைத்த ஜஹாங்கீரை இங்கே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடர் இன்னும் நுட்பமானது. ஒரு குழலைச் சுடும்போது எழும் உதைப்பில் மற்றக் குழலிலுள்ள குண்டு முன்னே நகரக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்தால், அடுத்த வேட்டில் குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும். எனவே கோலை விட்டு அதை மீண்டும் இறுக்குவது அறிவுடைமை. ஆனால் அவ்வாறு இறுக்குபவன், கெட்டித்த குழலின் வாய்க்கு நேரே கையை நீட்டியாக வேண்டும். காப்பே ஆபத்தாகும் விந்தை இது!

இவ்வளவு இடர்களுக்கும் அனுபவசாலிகள் கண்ட மருந்து மிக எளியது. வெற்றுக் குழலில் கோலை விட்டு, வாய் மட்டத்தில் கோலின்மேல் ஒரு கோடு கீறிவைப்பர். ஒரு வேட்டுக் கெட்டித்தபின் அதேபோல் மற்றொரு கோடு. பிறகு ஐயம் எழும்போதெல்லாம் கோலே சாட்சி சொல்லும். முதற்கோடு வாயோடு நின்றால் குழல் வெறுமை. இரண்டாவது கோடு நின்றால் ஒரு வேட்டு உண்டு. அதற்கும் மேலே நின்றால் நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது. பற்றாத துப்பாக்கியை ஒரு நிமிடமேனும் ஆளில்லாத திசை நோக்கியே பிடித்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பொறி பிந்தியும் பற்றலாம்.

கோலில் கீறிய கோட்டுக்குச் செலவு ஏதுமில்லை. ஊகத்தை உறுதியாக மாற்ற அதுவே போதும். அதைக் கீறிக் கொடுக்காதவர்கள், சோதனையின் முடிவை அறிந்தும் பழைய கருவியையே சிப்பாயின் கையில் விட்டுவைத்தவர்கள், பற்றாத துப்பாக்கியை ஒரு சொல்லும் சொல்லாமல் ஏவலனிடம் நீட்டியவர்கள், இவர்கள் எவர்மீதும் வேட்டை நூல்கள் பழி சுமத்தியதில்லை. கடைசியாகத் துப்பாக்கியைத் தொட்ட கை எதுவோ அதன்மீதே பழி விழுந்தது. வரலாறு படிக்கும் நாம், அந்தக் கைக்கு முன்னே அது எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதே நீதி.