சாமான் கிடைக்காமல் செத்த சைக்கிள்

நம் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்துக்கென்று ஒரு நடை உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியில் காலமானார் என்று வரும். அந்த நடையில் எழுதுவதானால், அமெரிக்காவின் கலிபோர்னியாவைப் பிறப்பிடமாகவும் மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைப் பகுதிகளை வதிவிடமாகவும் கொண்டிருந்த பழைய பி.எம்.எக்ஸ் சைக்கிள் காலமாகிவிட்டது. திகதி மட்டும் போட முடியவில்லை. அது ஒரே நாளில் போகவில்லை. முதலில் பெடல் போனது, பிறகு கிராங்க், பிறகு ஹேண்டிலின் ஸ்டெம். பிரேம் இன்னும் பல வீடுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை.

எந்தச் சைக்கிளைச் சொல்கிறேன் என்பதில் குழப்பம் வேண்டாம். இன்று சிறுவர்களுக்கு விற்கும் இருபது அங்குலச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கடையில் பி.எம்.எக்ஸ் என்றுதான் பெயர். நான் சொல்வது எண்பதுகளின் சைக்கிளை. உயர்ந்து எழும்பிய ஹேண்டில், அதன் நடுவே ஒரு குறுக்குக் கம்பி, கம்பியைச் சுற்றி ஒரு மெத்தை. மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, கியர் இல்லை. அடித்தாலும் விழுந்தாலும் வளையாத தடித்த பிரேம். பெரியவர்களின் சைக்கிள் சாமான் ஏற்றவும் வேலைக்குப் போகவும் செய்யப்பட்டது. விளையாட்டுக்கென்றே பிறந்த சைக்கிளாக எங்கள் ஊருக்கு வந்தது இதுதான்.

அமெரிக்காவின் ஷ்வின் கம்பனி 1963இல் ஸ்டிங்ரே என்ற இருபது அங்குலச் சைக்கிளை விற்பனைக்கு விட்டது. கலிபோர்னியாப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு மண் தரையில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களைப் பார்த்து ஓட்டத் தொடங்கினார்கள். 1971இல் வந்த ‘ஆன் எனி சண்டே’ என்ற மோட்டார் சைக்கிள் ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைக் காட்டித்தான் தொடங்குகிறது. 1974இல் மொங்கூஸ்காரர்கள் மோட்டோமேக் என்ற வார்ப்புச் சில்லோடு வந்தார்கள். ஸ்கைவே கம்பனி நைலோன் சில்லு செய்தது. 1982இல் ‘ஈ.டி.’ படத்தில் பிள்ளைகள் வேற்றுக்கிரகவாசியைக் கூடையில் வைத்து ஓட்டியது ஜப்பானின் குவஹாரா சைக்கிள். அதே வருடம் இங்கிலாந்தின் ராலி, பேர்னர் என்ற பி.எம்.எக்ஸை இறக்கியது. அதே 1982இல்தான் இலங்கையில் ரூபவாஹினித் தொலைக்காட்சியும் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்ட நாடு இது. அதற்கு முந்தைய கட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படி ஒரு விளையாட்டுச் சைக்கிள் மாத்தளைக்கு வந்துசேர வழியே இருந்திருக்காது.

வந்தது எல்லாருக்கும் வரவில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தது. மத்திய கிழக்கில் அப்பாவோ அம்மாவோ சித்தியோ வேலை செய்த வீடுகளில் இருந்தது. எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சைக்கிளின் தேய்ந்த டயர் மட்டும் வந்துசேர்ந்தது. இருபது அங்குல டயர் ஒரு குச்சிக்கு நன்றாக அடங்கும். இறக்கத்தில் அதை உருட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைகளையும் இந்தச் சைக்கிளின் சொந்தக்காரர்களாகவே நான் கணக்கெடுக்கிறேன்.

இனி அது செத்த கதை. அதைச் சொல்ல ஸ்பானர் பிடித்தவர்களின் பாஷையில் கொஞ்சம் பேச வேண்டும்.

பழைய பி.எம்.எக்ஸின் கிராங்க் ஒரே துண்டு. வலது கை, நடு அச்சு, இடது கை மூன்றும் ஒரே இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தவை. நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் அச்சு தனி, கை தனி, இரண்டையும் கோட்டர்பின் பிடித்திருக்கும். ஒரே துண்டுக் கிராங்க் பிரேமுக்குள் நுழைய வேண்டுமென்றால் துளை பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பிரேமின் அடிக் குழாய் 51.3 மில்லிமீட்டர் அகலம், உள்ளே மரை கிடையாது, குண்டு உருளும் கப் இரண்டையும் தட்டித்தான் ஏற்ற வேண்டும். பெரிய சைக்கிளின் குழாயோ சுமார் 35 மில்லிமீட்டர், மரை வெட்டியது. ஒன்றின் சாமான் மற்றதற்கு எந்த வகையிலும் சேராது. கிராங்க் வளைந்தாலோ அதை இறுக்கும் கோனின் மரை தேய்ந்தாலோ, அதே வகைக் கிராங்க் ஒன்று கிடைக்கும்வரை சைக்கிள் சுவரில் சாய வேண்டியதுதான்.

பெடலும் அப்படியே. உலகத்துச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் பெடல் மரை 9/16 அங்குலம். ஒரே துண்டுக் கிராங்கின் பெடல் மரை அரை அங்குலம். மேசையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது, பூட்டும்போதுதான் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசம் எத்தனை கிராங்கைத் தின்றது! அரை அங்குலப் பெடல் கிடைக்காதபோது, துளையைப் பெருப்பித்து 9/16 மரை போட்டுக் கொடுத்த, சைக்கிள் திருத்தும் பாஸ்மார் இருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது வேறென்ன செய்வது? ஆனால் துளை பெருத்தால் சுற்றியுள்ள இரும்பு மெலியும். அடுத்த மேட்டில் எழும்பி நின்று மிதிக்கும்போது அது கிழியும்.

ஸ்டெம்மின் கழுத்து பழைய அமெரிக்க வகைகளில் 21.1 மில்லிமீட்டர், மற்றச் சைக்கிள்களில் 22.2. ஒரு மில்லிமீட்டர்தான் கூட. கூடினால் நுழையாது, அவ்வளவுதான். தேய்த்து நுழைத்தவர்கள் உண்டு. உயிர் தாங்கும் சாமானை அப்படித் தேய்க்கக் கூடாது.

டயரில் இன்னொரு பொறி இருக்கிறது. 20 × 1.75 என்ற டயரும் 20 × 1 3/8 என்ற டயரும் பெயருக்கு இரண்டும் இருபது அங்குலம்தான். முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 451. இலங்கைக்கு வரும் பழைய ஜப்பான் சைக்கிள்களில் இருபது அங்குலச் சில்லுள்ளவை இரண்டு வகையும் உண்டு. கொழும்பு டாம் வீதி வரை போய், 20 என்ற எண்ணை மட்டும் பார்த்து டயர் வாங்கி, ஊருக்கு வந்து ரிம்மில் ஏற்ற முடியாமல் நின்றவர்களை நான் அறிவேன். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 406 அல்லது 451 என்று இருக்கும். அதைப் பார்க்கச் சொல்லித்தரும் கடைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள்.

எல்லாமே பொருந்தாது என்றும் சொல்லக் கூடாது. பிரீவீலின் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. இந்தியப் பெரிய சைக்கிளுக்கு வரும் பிரீவீலும் அதுவே. ஆகவே 16 பல்லுக்குப் பதிலாக 18 பல் பூட்டி ஓட்டலாம், மாத்தளை ஏற்றத்துக்கு அது இன்னும் நல்லது. அரை அங்குலச் செயின் அப்படியே பொருந்தும். பின் சில்லின் கால் அங்குலக் குண்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். எனவேதான் எங்கள் பி.எம்.எக்ஸ்கள் இவ்வளவு காலமாவது தாக்குப்பிடித்தன. சக்கரம் ஓடியது, செயின் ஓடியது, கிராங்கிலும் கழுத்திலும்தான் உயிர் போனது.

இந்த அளவுகளை எல்லாம் தலைக்குள் வைத்திருந்தவர்கள் பாஸ்மார். ரயில் பாதை மாத்தளையோடு முடிகிறது. அதற்கப்பால் நாவுல, தம்புள்ளை எல்லாம் ஏ9 வீதிதான். சமதரைப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிய விவசாயிகளும், மலைப் பக்கத்தில் தள்ளி ஏற்றிய மரக்கறி வியாபாரிகளும் சாமானுக்கு டவுனுக்கு வருவார்கள். நல்ல சைக்கிள் கடை என்றால் புதுச் சைக்கிள் தொங்கும் கடை அல்ல. பின்சுவரில் மரப் பெட்டிகள் இருக்கும். கழற்றிய கோன், பாதி தேய்ந்த கப், ஒற்றைப் பெடல், பெயர் தெரியாத நட்டு, எதையும் வீசாமல் போட்டுவைத்த பெட்டிகள். ஒரு பாஸ் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, புதுச் சாமான் கொழும்புல இருந்து வரும். பழைய சாமான் பெட்டிக்குள்ள இருந்துதான் வரணும்.”

அந்தப் பெட்டி ஒரு வருடத்தில் நிறைவதில்லை, ஒரு தலைமுறை வேண்டும். 1983 ஜூலை இன வன்முறையில் மாத்தளைக் கடைவீதியில் தமிழர்களின் கடைகள் எரிக்கப்பட்டன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. ஒரு கடை எரிந்தால் கல்லாவும் கூரையும் போனதைத்தான் கணக்கெழுதுவார்கள். பின்சுவர்ப் பெட்டிகளுக்குக் கணக்கு இல்லை, நட்டஈட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. பணம் கிடைத்தால் கூரை போடலாம். நாற்பது வருடத்துச் சில்லறைச் சாமானை எந்தப் பணமும் திருப்பித் தராது. பிழைத்த கடைகளும் பிற்காலத்தில் ஆட்டோவின் பக்கம் திரும்பின. திரும்பியதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர் நாள்தோறும் வருவார், பழைய பி.எம்.எக்ஸ் வைத்திருப்பவர் வருடத்தில் ஒரு தரம் வந்து, கடையில் இல்லாத சாமானைக் கேட்பார்.

வெளி உலகத்திலும் அதே காலத்தில் அளவுகள் மாறின. தொண்ணூறுகளில் மூன்று துண்டுக் கிராங்க் பரவலானது. ஹேண்டில் கழுத்தில் மரையில்லாத புதுவகை வந்தது. பின் அச்சு தடித்து 14 மில்லிமீட்டரானது. பிறகு கிராங்கின் பல்சக்கரம் 44 பல்லிலிருந்து 25 வரை சுருங்கியது. 2008இல் பெய்ஜிங்கில் பி.எம்.எக்ஸ் பந்தயம் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தபோது, மைதானத்தில் ஓடிய சைக்கிளின் கிராங்கோ பெடலோ ஸ்டெம்மோ மாத்தளைச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளுக்கு உதவாத நிலை. விளையாட்டு வளர்ந்தது. அதைப் பெற்ற சைக்கிள் அநாதையானது.

கடைசி அடி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் சரிந்து, பெட்ரோல் வரிசை நீண்டு, கியூஆர் அட்டைக்கு எரிபொருள் அளந்து கொடுத்த நாட்களில் நாடு முழுக்க மறுபடியும் சைக்கிளைத் தேடியது. மாத்தளையிலும் பரண்களிலிருந்து பழைய சைக்கிள்கள் இறங்கின. ஒரு மறுவாழ்வு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அசல் சாமான் தேடிக் காத்திருக்க நேரம் இல்லை. அடிக் குழாயை வெட்டி மரை வைத்த குழாயை வெல்டிங் செய்தார்கள். உயர்ந்த ஹேண்டிலை அறுத்துத் தாழ்த்தினார்கள். கழன்ற ஒரே துண்டுக் கிராங்க் பழைய இரும்பு லொறிக்கு எடைக்குப் போனது. அன்றைய தேவைக்கு அது சரி, அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும், நாற்பது வருடம் மழையும் துருவும் செய்யாததை அந்தச் சில மாதங்கள் செய்து முடித்தன.

மரண அறிவித்தலில் உறவினர் பெயரும் வர வேண்டும். ஸ்கைவே இன்றும் தன் நைலோன் சில்லைச் செய்கிறது. ராலி முதலான பழைய பெயர்கள் தங்கள் எண்பதுகளின் சைக்கிளை மறுபடி செய்து, அந்தக் காலத்துப் பிள்ளைகளாயிருந்து இன்று ஐம்பதைத் தொடுகிறவர்களுக்கு விற்றிருக்கின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெட்டி உடைக்காத ஒரு பழைய பெடலுக்குச் சண்டை போட்டு ஏலம் எடுக்கிறார்கள். அந்த விலையும் அனுப்பும் கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால், எங்களுக்கு அது இல்லாத சாமான்தான். ஆனால் பக்கத்திலேயே ஓர் ஏழை உறவு இருக்கிறது. மலிவான சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் இன்றும் ஒரே துண்டுக் கிராங்க்தான். கை குட்டையானது, பெரிய பிள்ளை மிதிக்க உதவாது. ஆனால் அதன் அரை அங்குலப் பெடலும் கப்பும் கோனும் பல வேளைகளில் பழைய பி.எம்.எக்ஸுக்கு அப்படியே சேரும். நான் பூட்டி எழுப்பிய ஒரு பழைய பி.எம்.எக்ஸின் பெடலும் கப்பும் கோனும் அப்படி, குப்பைக்குப் போகவிருந்த சிறுவர் சைக்கிள்களிலிருந்து வந்தவைதான்.

இதை நினைவுப் பொருளுக்கான ஆசை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. திருத்தி ஓட்டக்கூடிய ஒரு பொருள், திருத்தத் தெரிந்த ஆள், திருத்தத் தேவையான சின்னச் சாமான் மூன்றும் ஒரே வீதியில் இருந்த காலம் எங்களுக்கு இருந்தது. அதில் பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிரேம் இருந்தும் சைக்கிள் இல்லை என்ற நிலை இரும்பின் குற்றம் அல்ல.

மாத்தளை மாவட்டத்தில் யார் வீட்டிலாவது அந்தப் பழைய பிரேம் கிடந்தால், லொறிக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இடது பெடலைக் கழற்றுங்கள். பிறகு இடது பக்கத்து நட்டையும் கோனையும் கழற்றுங்கள். இவை மூன்றுக்கும் மரை எதிர்ப் பக்கம், வலமாகச் சுற்றினால்தான் கழலும், இடமாகச் சுற்றி உடைத்துவிடாதீர்கள். கிராங்கை வலது பக்கமாகச் சாய்த்து வெளியே எடுங்கள். கப், கோன், குண்டு வளையம், பெடல், ஸ்டெம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசி, ஒரு பால்மா டின்னில் போட்டு, உங்கள் ஊரில் இன்னும் சைக்கிள் திருத்துகிற பாஸிடம் கொடுத்துவிடுங்கள்.