புழுங்கலரிசி மூட்டையிலிருந்து கினோவா உருண்டை வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் சுங்கைப்பட்டாணியில் ஒரு வீட்டு விசேஷத்திற்குப் போயிருந்தேன். தேநீரோடு ஒரு தட்டில் சின்னச் சின்ன உருண்டைகள் வந்தன. மசால் வடையைச் சற்றுச் சிறிதாக்கித் தட்டியது போன்ற தோற்றம். கையில் எண்ணெய் ஒட்டவில்லை. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "கினோவா, மாமா. பொரிக்கல. ஓவன்ல சுட்டது" என்றார் அந்த வீட்டு மருமகள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். இனிப்பு நீரால் இடது காலில் இரண்டு விரல்களை இழந்தவர். உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாம சாப்பிடாத தானியமா தம்பி? இதுக்கு வெள்ளைக்காரன் பேரு வெச்சிட்டா ஒடம்புக்கு நல்லதாயிடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. இந்த உரையே அவருக்கு நான் சொல்ல நினைத்த பதில்தான்.

முதலில் ஒரு திருத்தம். அது வெள்ளைக்காரன் தானியம் அல்ல. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளுக்கிடையே உள்ள டிட்டிகாகா ஏரிப் பகுதி மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிர் செய்து உண்டது. புல்லினத் தானியமும் அல்ல. நம் முளைக்கீரை, தண்டுக்கீரை குடும்பத்தைச் சேர்ந்த செடியின் விதை. 2013ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை கினோவா ஆண்டாக அறிவித்தது உலகக் கடைகளில் அதன் பெயர் மேலும் பரவ உதவியது.

அந்தக் கண்டம் நமக்குப் புதிதும் அல்ல. நம்மைக் கெடாவுக்குக் கொண்டு வந்த ரப்பர் மரமே அங்கிருந்து வந்ததுதான். பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து 1876இல் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. 1877இல் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் குழம்பில் மிளகாய், கச்சான் என்று நாம் கொறிக்கும் நிலக்கடலை, ஜப்பான்காரன் காலத்தில் உயிர் காத்த மரவள்ளிக் கிழங்கு, இவை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. ஆகவே, ஊர் பார்த்து உணவை ஒதுக்குவதென்றால் மிளகாயை முதலில் ஒதுக்க வேண்டும். அதற்கு நம் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்?

இனி நம் தட்டின் கதைக்கு வருவோம்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கெடா, சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தஞ்சாவூர் என்று பல மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கங்காணிகளோடு வந்து இறங்கினார்கள். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்களுக்கு அன்றாட உணவு கேழ்வரகு, கம்பு, சோளம், தினை. நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிடைப்பது. தோட்டத்தில் தினமும் அரிசிச் சோறு என்பது அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஆசை வார்த்தை.

வந்த இடத்தில் அரிசி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது எந்த அரிசி என்பதில்தான் நம்மவர்களின் உயிர் இருந்தது. இதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த நாளில் மலாயாவைப் பிடித்து ஆட்டிய நோய் பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வமாகவே வந்தது. ஏன்? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. தம் கருத்தை அவர் 1907இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

அதற்கு முன்பே, 1905ஆம் ஆண்டு இறுதியில், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்த மருத்துவமனையும் துணியாது, துணியவும் கூடாது. ஆனால் இறந்துபோன அந்தப் பதினெட்டுப் பேர் உலகத்துக்கு ஒரு பாடம் விட்டுப் போனார்கள். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வும் இதையே உறுதி செய்தது.

காரணம் எளிமையானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், ரங்கூனிலிருந்து வந்த புழுங்கலரிசி மூட்டை தோட்டத்துத் தமிழனைக் காத்து நின்றது. நம் பாட்டிமார்கள் விஞ்ஞானம் படித்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாக்குக்குப் பழகியது, வயிற்றில் நின்றது, அவ்வளவுதான். அதை நாம் பெருமையாகப் பேசலாம். ஆனால் அது பழக்கம் தந்த அதிர்ஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அதிர்ஷ்டம் 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கியதும் அறுந்தது. பர்மா அரிசி நின்றது. 1943 அக்டோபரில் கெடாவை மீண்டும் சயாமிடமே ஒப்படைத்தார்கள். நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற மாநிலத்திலேயே தோட்ட மக்கள் மரவள்ளியைத் தின்று நாளைக் கழித்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் கதை தனிக் கதை.

போர் முடிந்ததும் நடந்த ஒன்றை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் இளைஞர்கள் தொண்டர் படை என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் குறி கள்ளுக்கடை. தோட்டத்துக்குத் தோட்டம் போய்ப் பிரச்சாரம் செய்தார்கள், மறியல் நடத்தினார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் மறியல் போலீஸ் மோதலாக முடிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தம் உடம்புக்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று கெடாத் தோட்டத்து மக்கள் தாமே கூடி முடிவெடுத்த காலம் அது. நான் அறிந்தவரை நம் வரலாற்று மேடைகளில் இதைப் பேசுவோர் குறைவு.

ஆனால் கள்ளைப் போல் சீனிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் யாரும் மறியல் செய்யவில்லை. அவை சத்தமில்லாமல் வந்தன. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் கெடாவில் ஆண்டுக்கு இரு போகம் விளைந்தது. எங்கள் வீட்டில் புழுங்கலரிசி போய்ப் பளபளப்பான வெள்ளை அரிசி வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். அம்மாவுக்கு அது வாழ்க்கை உயர்ந்துவிட்டதன் அடையாளம். கோதுமை மாவு ரொட்டி சானாயாகப் பசியாறலுக்கு வந்தது. தேநீரில் கட்டிப்பால் இனித்தது. நான்கு மணிக்கு வடை, பஜ்ஜி, பீசாங் கோரேங்.

அப்போது இதெல்லாம் உடம்பில் தங்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிச் சுற்றி வெட்டி, பாலைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவருக்கு நான்கு வடை எம்மாத்திரம்? பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்திலிருந்து தாமானுக்கு வந்தோம். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. பால் வெட்டியவரின் பிள்ளை தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போனார். நடை நின்றது, வடை நிற்கவில்லை.

அதன் விளைவு என்ன? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர். மற்ற எந்த இனத்தையும்விட அதிகம். நூறு ஆண்டுகளுக்கு முன் அரிசியால் வந்த நோயில் நாம்தான் தப்பியவர்கள். இன்று தட்டால் வரும் நோயில் நாம்தான் முன் வரிசையில் நிற்கிறோம்.

சரி, பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கினோவாவில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் புரதம் உண்டு. வெள்ளை அரிசியில் அதில் பாதிதான். உடம்புக்கு அத்தியாவசியமான அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் இருப்பது சைவ உணவுக்காரருக்குக் கூடுதல் வசதி. முளையும் நாரும் போகாமல் முழு விதையாகவே வெந்து வருவது இன்னொரு நன்மை. ஆயினும் அதிலும் மாவுச்சத்து பாதிக்கு மேல் இருக்கிறது. விலையோ அரிசியைப் போலப் பல மடங்கு. கட்டுப்படியாகாதவர் வருத்தப்பட வேண்டாம். தினையோடு பருப்பைச் சேர்த்தால் ஒன்றில் குறைவதை மற்றது ஈடு செய்யும். கேழ்வரகில் உள்ள அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து கினோவாவில் இல்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்கிறோம்.

என் கருத்தில் அந்த மருமகள் செய்த பெரிய காரியம் கினோவா வாங்கியது அல்ல. எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதுதான். சுடுவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? கம்போங்களில் மலாய்க்காரப் பெண்கள் பித்தளை அச்சில் மாவை ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்து பாவுலு சுட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஓவன் இல்லாத அந்தக் காலத்திலேயே அது நடந்தது.

செய்முறையையும் கேட்டு வந்தேன். ஒரு கப் கினோவாவை நுரை அடங்கும்வரை நான்கைந்து முறை தண்ணீரில் அலசவும். மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் உண்டு; அலசாவிட்டால் பலகாரமே கசந்துவிடும். இரண்டு கப் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். அரை கப் கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சோம்பு, இஞ்சி, பச்சை மிளகாயோடு மசால் வடைக்கு அரைப்பதைவிடச் சற்று நைசாக அரைக்கவும். இந்த அரைப்புத்தான் முட்டை இல்லாமல் உருண்டையைப் பிடித்து நிறுத்துகிறது. துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு பிடி முருங்கைக்கீரை, உப்பு சேர்த்துப் பிசையவும். கையில் ஒட்டினால் இரண்டு கரண்டி கடலை மாவு போதும். கேரட்டைக் குறைக்காதீர்கள், அந்த ஈரம் இல்லாவிட்டால் சுட்டது வறண்டு தொண்டையில் நிற்கும்.

எலுமிச்சை அளவு உருட்டி, லேசாகத் தட்டி, மேலே எண்ணெயைத் தொட்டுத் தடவி, 190 பாகை சூட்டில் 25 நிமிடம். பாதி நேரத்தில் திருப்பிவிட வேண்டும். மொத்தமும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு மேல் ஆகாது. ஓவன் இல்லாத வீட்டில் பணியாரக் கல் இருக்கும். குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். தினையில் செய்வதானால் குழையாமல் வடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதே அளவுதான்.

விசேஷம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர் ஐந்தாவது உருண்டையை எடுத்தார். மருமகள் தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, "தாத்தா, இதுலயும் மாவு இருக்கு. நாளைக்கு மூணு செஞ்சு அனுப்புறேன்" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, சீனி போடாத தேநீர் ஒன்று கேட்டார்.