பெருமந்தத்தில் தழைத்த கோவை

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூண்ட பொருளாதாரப் பெருமந்தம் சென்னை மாகாணத்தையும் வாட்டியது. நெல், நிலக்கடலை, பருத்தி விலைகள் வீழ்ந்தன. உழவர் கடனில் மூழ்கினர். மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அக்காலத்தேதான். கோயம்புத்தூரிலோ புதிய நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. இஃது எங்ஙனம் இயன்றது?

காரணங்கள் நான்கு. உழவனை வாட்டிய விலை வீழ்ச்சியே ஆலைக்கு மலிவான பஞ்சைத் தந்தது. அவ்வட்டாரத்துக் கம்போடியாப் பருத்தியோ நீண்ட இழையுடையது. அயல்நாட்டுத் துணிக்கு இறக்குமதி வரி படிப்படியாக உயர்ந்து, பிரிட்டன் அல்லாத நாட்டுத் துணிக்கு 1933-இல் 75 விழுக்காடாயிற்று. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வெகுதொலைவிலிருந்த அவ்வூருக்கு, நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் மின்விசை வழங்கியது. நிலத்தில் ஆதாயம் குன்றவே, வசதி படைத்த வேளாண் குடியினர் தம் முதலை ஆலைகளில் இட்டனர்.

எனினும், இவ்வளர்ச்சியை அனைவர்க்கும் வந்த வாழ்வெனக் கொள்ளல் ஆகாது. பஞ்சு விற்ற உழவனின் இழப்பே ஆலையின் ஆதாயத்தில் ஒரு பங்கு. தொழிலாளர் கூலியும் தாழ்ந்தே நின்றது. 1937-இல் வேலைநிறுத்தங்கள் மூண்டன. ஒரு வட்டாரம் தழைத்தது என்று எழுதும் வரலாறு, அங்கே தழைத்தவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும்.